மனக்கசப்பு இல்லாமல் கிளினிக் நடத்த: பிறை வட்டாரத்துக்குப் பயனுள்ள குறிப்புகள்

பினாங்குப் பாலம் பெருநிலத்தில் வந்து இறங்கும் இடம் பிறை. தொழிற்பேட்டையை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில், கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் கிளினிக்குகளுக்கு நாள் முழுவதும் கூட்டம்தான். காலையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வரும் தொழிலாளர்கள், கொஞ்சம் வெயில் ஏறியதும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க வரும் பெரியவர்கள், மாலையில் காய்ச்சலோடு பள்ளிப் பிள்ளைகள். தமிழ், மலாய், ஹொக்கியன், நேப்பாளி, வங்காளம் என்று எல்லா மொழியும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒரு டாக்டர், கவுண்டரில் ஒருவரோ இருவரோ.

இந்த இடங்களில் வரும் சச்சரவுகளைக் கவனித்தால் பெரும்பாலும் வைத்தியத்தில் குறை இருக்காது. எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு காசு ஆகும், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்குமா, ரிப்போர்ட் எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்லாததுதான் குறையாக இருக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தவர்களில் 35.1 விழுக்காட்டினருக்கு உடல்நலத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு. அதாவது மூவரில் ஒருவர். அவருக்குப் புரியும்படி சொல்வது நம் வேலை. கிளினிக், பல் கிளினிக், பிசியோதெரபி மையம் நடத்துபவர்களுக்கும் அங்கே கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் குறிப்புகள். கடைசிச் சில குறிப்புகள் வீட்டில் இருப்பவர்களுக்கு.

1. கதவு திறந்ததும் நிமிர்ந்து பாருங்கள். போனில் பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு தலையசைப்பு போதும், வந்தவர் மனம் அடங்கிவிடும். நம் பெரியவர்களுக்கு ஐயா, அம்மா. மலாய்க்காரர்களுக்கு பாக்சிக், மக்சிக். சீனர்களுக்கு அங்கிள், ஆன்ட்டி. வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அதன் பிறகு எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் அந்தக் குறை நிற்கும்.

2. "நீங்கதானே முனியம்மா?" என்று கேட்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள், அவர் வாயால் வரட்டும். பிறகு ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பாருங்கள். நம்மவர்களில் ஒரே பெயர் பலருக்கு உண்டு. ஏ/எல், ஏ/பி போட்டு அப்பா பெயர் சேர்த்த பிறகும் ஒன்றாகவே இருப்பதுண்டு. பெயர், ஐசி எண் இரண்டும் பொருந்தாமல் அட்டையை எடுக்கக் கூடாது, மருந்துப் பையைக் கொடுக்கவும் கூடாது. ஒருவர் மருந்து இன்னொருவர் கைக்குப் போனால், அதற்குப் பிறகு கேட்கும் மன்னிப்பு எதையும் சரிசெய்யாது.

3. காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். அரை மணி ஆகும் என்று தோன்றினால் முக்கால் மணி என்று சொல்லலாம். இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அந்தக் கணக்கு முக்கியம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதா, உட்கார்ந்திருப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்வார். நேரம் இழுத்தால் நீங்களே எழுந்து போய்ச் சொல்லுங்கள், அவர் வந்து கேட்கும்வரை விடாதீர்கள்.

4. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கைக்குழந்தைக் காய்ச்சல் ஆகியவை வரிசை தாண்டி உள்ளே போகும் என்று நான்கு மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுதி ஒட்டியிருந்தால், "எனக்குப் பிறகு வந்தவன் எப்படி முன்னால போனான்?" என்ற கேள்விக்குக் கவுண்டர்ப் பிள்ளை தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்காது.

5. இது டாக்டர்களுக்கு. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மருத்துவ உலகில் இன்றும் பேசப்படுகிறது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்பது அவர்கள் கண்டது. நம்மவர்கள் வயிற்றுவலியைச் சொல்ல மருமகள் சமையலில் இருந்து தொடங்குவார்கள். கூட்டம் வெளியே காத்திருக்கும்போது பொறுமையாகக் கேட்பது சிரமம்தான். ஆனாலும் முதல் ஒரு நிமிடத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். அது முடிந்ததும், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால், மருந்துச் சீட்டு எழுதி முடித்து அவர் கதவைத் திறக்கும்போதுதான், "டாக்டர், ராத்திரியில நெஞ்சு கொஞ்சம் அடைக்குது" என்பார்.

6. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசெல்ஸ் 2003இல் எழுதிய கட்டுரையில், மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாகவே நிற்கிறது என்று காட்டினார். அதனால் சொல்லியதைத் திரும்பச் சொல்ல வையுங்கள். "வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீங்க? நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சோதிப்பதுபோலவும் இருக்காது, தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

7. மருந்துப் பையில் எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். இந்த வட்டாரத்துக்கு இதைவிட முக்கியமான குறிப்பு வேறு இல்லை என்பேன்.

"காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுக்கிறோம். நைட் ஷிப்ட் ஆளுக்குக் காலை எது? அவர் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், மாலையில் எழுந்து முதல் உணவைச் சாப்பிடுவார். சர்க்கரை மாத்திரை சிலவற்றையோ இன்சுலினையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே முதலில், "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்று கேளுங்கள். பிறகு அவருடைய நாளுக்கு ஏற்ப, "வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டோடு" என்று எழுதுங்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடம் கேட்டு அன்றே சொல்லிவிடுங்கள்.

எழுத்துப் படிக்காதவருக்குச் சூரியன், நிலா வரைந்து கொடுக்கலாம். கண் மங்கிய பெரியவருக்குப் பெட்டியின் மேல் தடித்த பேனாவால் பெரிய கோடு. ஒரு கோடு ஒரு வேளை, இரண்டு கோடு இரண்டு வேளை. விரதத்தையும் கேளுங்கள். நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்களிடம் கேட்க நமக்குத் தோன்றுகிறது. தைப்பூச விரதத்தையும் புரட்டாசிச் சனியையும் நம்மவர்களிடம் கேட்க மறந்துவிடுகிறோம். முன்பு சொன்ன 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. காவடிக்கு விரதம் இருப்பவர்களில் சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரதம் இருக்கக் கூடாது என்று சட்டென்று சொன்னால், அடுத்த முறை விரதத்தை மறைத்துவிடுவார்கள். "எப்படி இருக்கப் போறீங்க, சொல்லுங்க, மருந்தை அதுக்கு ஏத்தமாதிரி பார்ப்போம்" என்று சொன்னால் உண்மை வரும்.

8. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பத்து வயது மகன் மலாயில் டாக்டருக்கு விளக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளியுடன் சூப்பர்வைசர் வந்தால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொழிலாளிக்கு அவர் உடன் இருப்பதில் சம்மதமா என்று கேளுங்கள். "எங்கே வலி?", "எத்தனை நாளாக?", "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" போன்ற கேள்விகளை நேப்பாளியிலும் வங்காளத்திலும் எழுதிய அட்டை ஒன்று மேசையில் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

9. எம்சி. தொழிற்பேட்டைக் கிளினிக்குகளில் குரல் உயர்வது பெரும்பாலும் இந்த ஒரு தாளுக்காகத்தான்.

எம்சி கொடுப்பதா இல்லையா, எத்தனை நாள் என்பதை டாக்டர் மட்டும்தான் முடிவு செய்வார். கவுண்டரில் பேரம் பேசவே கூடாது. "பார்க்கலாம்", "டாக்டர்கிட்ட சொல்றேன்" என்று கவுண்டர்ப் பிள்ளை நல்ல மனத்தோடு சொல்லும் வார்த்தையே பிறகு சண்டைக்கு விதை. நேற்றுத் தேதியிட்டு எம்சி தர முடியாது என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள். உள்ளே டாக்டர் மறுக்கும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும்: "உங்களுக்கு இன்னிக்கு வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் இல்லை. கிளினிக்குக்கு வந்து போன நேரத்துக்கு டைம் சிலிப் தர்றேன். நாளைக்குக் காய்ச்சல் ஏறினா திரும்ப வாங்க." மறுப்போடு ஒரு வழியும் கொடுத்தால் கோபம் குறையும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லிக் கொடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், கையில் எம்சி இருந்தாலும் சொல்லாமல் நின்றதாகவே கணக்கு. இதை அறியாமல் எம்சியைப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போய்ச் சிக்கலில் மாட்டுபவர்கள் உண்டு. எம்சியைக் கொடுக்கும்போதே, "இப்பவே படம் எடுத்து உங்க சூப்பர்வைசருக்கு அனுப்பிடுங்க அண்ணே" என்று சொல்வது ஒரு நொடி வேலை. அந்த நொடியை அவர் மறக்க மாட்டார்.

10. பேனல் கிளினிக் என்றால் பணம் தருவது கம்பெனி, உடம்பு தொழிலாளியுடையது. மனிதவளப் பிரிவிலிருந்து போன் வந்து, "அவருக்கு என்ன நோய்?" என்று கேட்டால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. வந்தாரா, எம்சி உண்மையானதா என்பதோடு பேச்சை நிறுத்துங்கள்.

11. காசு விவரத்தை மருந்து கட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது ஆணை. மருத்துவர்கள் பலர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்துப் புத்ராஜெயாவில் கூடினார்கள். அவர்கள் வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் விலை தெரிவது நல்லதுதான். டாக்டர் கட்டணம் இவ்வளவு, மருந்து இவ்வளவு, ரத்தப் பரிசோதனை இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகையை மட்டும் சொன்னால், அது நியாயமாகவே இருந்தாலும் சந்தேகம் வரும். மாதாமாதம் வாங்கும் மருந்தை வெளியே மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது சீட்டுக் கேட்டால் முகம் மாறாமல் எழுதிக் கொடுங்கள்.

கையில் காசில்லாதவர் அதைச் சொல்ல மாட்டார்; "மூணு நாளுக்கு மட்டும் மருந்து போதும்" என்பார். அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி என்பதை மற்றவர் காதில் விழாமல் எடுத்துச் சொல்லுங்கள். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. இதையெல்லாம் சொன்னால் ஆள் போய்விடுவார் என்று பயப்பட வேண்டாம். தன் நிலையறிந்து வழி சொன்ன இடத்துக்குத்தான் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவார்.

12. தாமானில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "அந்தப் பொண்ணு நேத்து எதுக்கு வந்தா?" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சிரித்துக்கொண்டே கேட்பார். "இங்க வர்றவங்க பத்தி நாங்க பேசுறதில்ல ஆன்ட்டி" என்ற ஒரே பதிலைக் கவுண்டரில் இருக்கும் அனைவரும் பழகிக்கொள்ள வேண்டும். கர்ப்பப் பரிசோதனை, மன அழுத்த மாத்திரை, காசநோய் என்று எதையும் கூட்டத்தின் நடுவே உரக்கச் சொல்லக் கூடாது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனத்துக்குரிய தரவாகவே வைத்திருக்கிறது. நோயாளியின் ரிப்போர்ட்டைச் சொந்தப் போனில் படமெடுத்து வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

13. ரத்தப் பரிசோதனை எடுத்தால் எந்த நாள் முடிவு வரும், யார் கூப்பிடுவார் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். "நாங்க கூப்பிடலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்வது ஆபத்து. ரிப்போர்ட் எங்கேயாவது தங்கிவிட்டாலும் அவர் நல்லது என்றே நினைத்திருப்பார். அனுப்பிய பரிசோதனைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், தினமும் மாலையில் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். கெட்ட செய்தியை வாட்ஸ்ஆப்பில் அனுப்ப வேண்டாம். நேரில் வரச் சொல்லுங்கள், கூட ஒருவரை அழைத்து வரவும் சொல்லுங்கள்.

14. வாட்ஸ்ஆப்புக்குக் கிளினிக் எண் ஒன்று போதும். எந்த நேரம் பதில் வரும் என்பதையும் அவசரத்துக்கு 999 என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

15. செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ பாலம் தாண்டித் தீவில் இருக்கும் பினாங்கு மருத்துவமனைக்கோ அனுப்பும்போது, கடிதத்தில் இப்போது சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் தவறாமல் எழுதுங்கள். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும், போய்வர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். சில நாள் கழித்து, "போனீங்களாம்மா? என்ன சொன்னாங்க?" என்று ஒரு போன். செலவில்லாத இந்த ஒரு காரியம் ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம்.

16. கோபத்தோடு வருபவரைக் கவுண்டரில் நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். தனியாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேளுங்கள். கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறோம், எந்த நாளுக்குள் என்று சொல்லுங்கள். நம் பக்கம் பிழை என்றால் அன்றே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது. புகார் கேட்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் நோயாளிகளின் குறைகேட்க ஒரு முறை இருக்க வேண்டும் என்கிறது.

புகார் வழக்காவது பற்றி வெண்டி லெவின்சன் குழுவினர் 1997இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வை டாக்டர்கள் படிக்க வேண்டும். தங்கள் மேல் நோயாளிகள் வழக்கே போடாத குடும்ப மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு சராசரியாக 18.3 நிமிடம் இருந்தார்கள். வழக்கு வந்தவர்கள் 15 நிமிடம். முதல் வகையினர், "முதல்ல பரிசோதிக்கிறேன், பிறகு பேசுவோம்" என்று அடுத்து நடக்கப்போவதைச் சொன்னார்கள், நோயாளியின் கருத்தைக் கேட்டார்கள், அதிகம் சிரித்தார்கள். வித்தியாசம் மூன்று நிமிடம்தான்.

17. கவுண்டர்ப் பிள்ளையை நோயாளிகள் முன்னால் திட்டாதீர்கள். டாக்டர் அவளிடம் எப்படிப் பேசுகிறாரோ, அப்படித்தான் அவள் மற்றவர்களிடம் பேசுவாள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணியாவது உட்கார விடுங்கள்.

18. இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: அரசாங்கக் கிளினிக் மருந்து, மருந்தகத்தில் வாங்கிய வலி மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாம். நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். சித்தமும் ஆயுர்வேதமும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் ஒழுங்குபடுத்தப்படும் மருத்துவ முறைகள்தான். ஆனால் இரண்டு மருந்து ஒன்றுக்கொன்று முட்டுமா என்று பார்க்க டாக்டருக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

19. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். நெஞ்சை அடைக்கும் விஷயத்தை முதலில் கேளுங்கள். அப்பாவுக்காக அண்ணன், தங்கை, மருமகள் மூவரும் தனித்தனியாகப் போன் செய்தால் பதில் மூன்றாகத் தெரியும். குடும்பத்தில் ஒருவர் பேசுங்கள். சுகாதாரக் கிளினிக் தேதியை மைசெஜாத்ரா செயலியில் போட்டுவிட்டுப் போக முடியவில்லை என்றால் ரத்து செய்துவிடுங்கள், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

20. புதிய இடத்துக்குப் போகும்போது டாக்டரின் பதிவுச் சான்றும் கிளினிக்கின் பதிவுச் சான்றும் சுவரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டாக்டரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

21. குறை இருந்தால் முதலில் அந்தக் கிளினிக்கிலேயே, அன்றே, நேரில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் தேதி, பெயர், ரசீது எல்லாவற்றையும் வைத்து எழுதிக் கொடுங்கள். மருத்துவர் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று வழிகாட்ட ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசலாம். நடந்ததை முழுதாகச் சொல்லாமல் முகநூலில் கிளினிக் பெயரைப் போட்டு எழுதுவதற்கு முன், தயவுசெய்து அவர்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.